கொத்தமல்லி: தழையிலும் விதையிலும் என்ன இருக்கிறது?

கொத்தமல்லியின் நன்மைகளைச் சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும், நூறு கிராம் தழையில் இன்ன சத்து இவ்வளவு என்ற பட்டியலோடு நின்றுவிடுகின்றன. பட்டியலில் பிழையில்லை, ஆனால் ஒரே வேளையில் நூறு கிராம் மல்லித்தழையை உண்பவரைக் காண்பது அரிது. ஒருவரது தட்டில் விழுவது நான்கைந்து கிராம், தாராளமாகத் தூவினால் பத்து கிராம். ஆகவே இச்செடியின் பயனை அறிய வேண்டுமானால், அதில் என்ன இருக்கிறது என்பதோடு, அதன் எந்தப் பகுதியை, எந்த நிலையில், எவ்வளவு உண்கிறோம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. தழை, தண்டு, வேர், காய் என எல்லாப் பகுதிகளும் உண்ணத் தக்கவையாக இருக்கும் செடி இது. ஆனால் அவை ஒன்றுக்கொன்று மணத்திலும் சத்திலும் வெகுவாக வேறுபடுகின்றன.

கொத்தமல்லி ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, காய்த்து, பட்டுப்போகும் ஓராண்டுச் செடி. கொரியாண்ட்ரம் சட்டைவம் என்னும் அறிவியல் பெயரை 1753ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் வழங்கினார். அபியேசியே எனப்படும் இதன் குடும்பத்தில் கேரட், சீரகம், சோம்பு, ஓமம், சதகுப்பை, செலரி, பார்ஸ்லி, பெருங்காயம் ஆகியவை அடங்கும். சமையலறையின் மணப்பொருள்களில் இத்தனை ஒரே குடும்பத்திலிருந்து வருவதற்குக் காரணம் உண்டு: இக்குடும்பச் செடிகளின் காய்களிலும் தண்டுகளிலும் நறுமண எண்ணெயைச் சேமித்து வைக்கும் நுண்குழல்கள் இருக்கின்றன. இதே குடும்பத்தில் உயிரைப் பறிக்கும் நச்சு ஹெம்லாக் செடியும் இருக்கிறது என்பதையும், அதன் தழை பார்வைக்கு இவற்றில் சிலவற்றை ஒத்திருக்கும் என்பதையும் சொல்லிவைப்பது நல்லது. தானாக வளர்ந்து நிற்கும் செடியை இலையின் வடிவத்தை மட்டும் நம்பிப் பறித்துச் சமைக்கக் கூடாது.

ஒரே கொத்தமல்லிச் செடியில் இரண்டு விதமான இலைகளைக் காணலாம். அடிப்பகுதியில் வருபவை அகன்று, விளிம்பில் வெட்டுப்பட்டு, விசிறி போல விரிந்திருக்கும். சமையலுக்கு நாம் வாங்குவது இந்தப் பருவத்துத் தழையைத்தான். செடி பூக்கத் தொடங்கும்போது தண்டு உயர்ந்து, அதன் மேற்பகுதியில் நூலிழை போன்ற மெல்லிய இலைகள் தோன்றுகின்றன. பூக்கள் குடைக்கம்பிகள் விரிவது போல ஒரே புள்ளியிலிருந்து கிளைக்கும் காம்புகளின் நுனியில், வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ அமைகின்றன. கொத்தின் வெளி ஓரத்தில் உள்ள பூக்களை உற்றுப் பார்த்தால், வெளிப்பக்க இதழ்கள் மட்டும் உட்பக்க இதழ்களைவிட நீண்டிருப்பது தெரியும். இந்தச் சிறு பூக்களைத் தேடித் தேனீக்களும், அசுவினிகளைத் தின்னும் புழுக்களை ஈனும் மலர் ஈக்களும் வருவதால், தோட்டக்காரர்கள் சிலர் ஓரிரு செடிகளைப் பறிக்காமல் பூக்க விட்டுவிடுவதுண்டு.

மல்லி விதை என்றும் தனியா என்றும் நாம் சொல்லும் உருண்டை உண்மையில் ஒரு காய். இரண்டு அரைக்கோளங்கள் ஒட்டியிருக்கும் அதன் ஒவ்வொரு பாதியிலும் ஒரு விதை இருக்கிறது. சதகுப்பை போன்ற உறவுச் செடிகளில் காய் முற்றியதும் பாதிகள் எளிதாகப் பிரிந்துவிடும். கொத்தமல்லியிலோ அவை பிரியாமலே காய்ந்துவிடுகின்றன. விதைப்பதற்கு முன் காய்களை ஒரு பலகையால் மெல்லத் தேய்த்து இரண்டாக உடைக்கும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது. காய்களின் அளவிலும் இரு வகைகள் உண்டு. மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை குறுக்களவு கொண்ட பெரிய காய் வகையைவிட, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான சிறிய காய் வகையில் நறுமண எண்ணெயின் விகிதம் பொதுவாக அதிகம்.

விதை முளைக்க ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடியாதலால், பிடுங்கி வேறிடத்தில் நட்டால் சரியாகப் பிடிக்காது. நேரடியாக விதைப்பதே நன்று. புதிதாக வளர்ப்பவர்கள் பலரும் சந்திக்கும் ஏமாற்றம், தழை நன்றாக வரும் முன்பே செடி பூத்தண்டு விட்டுவிடுவது. பகற்பொழுது நீண்டாலோ, வெப்பம் கூடினாலோ, நீர் குறைந்தாலோ, கொத்தமல்லி தழை விடுவதை நிறுத்திவிட்டு விதை ஈனுவதில் முனைகிறது. தழை வேண்டுவோர் குளிர்ந்த பருவத்தையோ பகுதி நிழலையோ தேர்ந்துகொண்டு, இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைத்துவருவதுதான் நடைமுறையில் பலன் தருகிறது. உரம் இடுவதால் இந்த இயல்பு மாறிவிடாது.

மனிதரோடு இச்செடிக்குள்ள உறவு மிகப் பழையது. நகால் ஹெமார் என்னும் இஸ்ரேலியக் குகையில், மட்பாண்டங்கள் தோன்றுவதற்கு முந்தைய புதிய கற்கால அடுக்கிலிருந்து கொத்தமல்லிக் காய்கள் கிடைத்திருக்கின்றன. எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையிலும் அவை வைக்கப்பட்டிருந்தன. எகிப்தில் கொத்தமல்லி காட்டுச் செடியாக வளர்வதில்லை என்பதால், அது அங்கே அக்காலத்திலேயே பயிரிடப்பட்டிருக்க வேண்டும் என்று தாவரவியலாளர் கருதுகின்றனர். கிரேக்கத்தின் மைசீனிய அரண்மனைகளின் களிமண் ஏடுகளில், நறுமணத் தைலம் செய்வதற்கான பொருள்களின் கணக்கிலும் கொத்தமல்லி இடம்பெறுகிறது. கிடைத்த சான்றுகள் பெரும்பாலும் காயைப் பற்றியவையாகவே இருப்பதில் வியப்பில்லை: காய் காய்ந்து ஆயிரமாயிரம் ஆண்டுகள் நிலைக்கும், தழையோ வெளியில் வைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

தழைக்கும் விதைக்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடு மணத்தில்தான் தொடங்குகிறது. பச்சைத் தழையின் மணத்துக்குக் காரணம் ஆல்டிஹைடுகள் எனப்படும் கரிமச் சேர்மங்கள். டெக்கனால், டெசினால், டோடெசினால் ஆகியவை இவற்றில் முக்கியமானவை. முற்றிக் காய்ந்த விதையின் எண்ணெயிலோ பாதிக்கும் மேற்பட்ட பங்கு லினலூல் என்னும் வேறொரு சேர்மம்; பல வகைகளில் அது 60 முதல் 80 விழுக்காடு வரை இருக்கும். லாவெண்டரிலும் திருநீற்றுப்பச்சிலையிலும் உள்ள இனிய மணத்தில் இதே லினலூலுக்குப் பங்குண்டு. இடைப்பட்ட நிலையில் உள்ள பச்சைக் காயை நசுக்கி முகர்ந்தால், தழையின் மணமே இன்னும் கடுமையாக வீசும். காய் முற்றும்போது அதன் வெளிச்சுவரில் உள்ள எண்ணெய்க் குழல்கள் நசுங்கி, அவற்றிலிருந்த ஆல்டிஹைடுகள் வெளியேறிவிடுகின்றன. உட்புறக் குழல்களில் இருக்கும் லினலூல் மட்டும் தங்குகிறது. இதனால் சமையலில் தழை இல்லாதபோது விதையைப் போட்டு ஈடுகட்ட முடியாது, விதைக்குப் பதிலாகத் தழையையும் சேர்க்க முடியாது. செடி ஒன்றாயினும் சமைப்பவருக்கு அவை இரண்டு தனித்தனிச் சரக்குகள்.

சிலருக்கு மல்லித்தழை சோப்பைத் தின்பது போல இருக்கிறது. இதைப் பிடிவாதம் என்றோ பழக்கக் குறைவு என்றோ தள்ளிவிட முடியாது. சோப்பிலும், நாவாய்ப்பூச்சிகள் தற்காப்புக்காக உமிழும் திரவத்திலும் மல்லித்தழையில் உள்ளவற்றை ஒத்த ஆல்டிஹைடுகள் இருக்கின்றன. 2012ஆம் ஆண்டில் வெளியான ஒரு மரபணு ஆய்வு, 11ஆம் குரோமோசோமில் மணத்தை உணரும் மரபணுக்கள் நெருங்கியிருக்கும் ஓரிடத்தில் காணப்படும் ஒரு சிறு மாறுபாட்டுக்கும் இந்தச் சோப்புச் சுவைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஆல்டிஹைடுகளை நுட்பமாக உணரும் ஓஆர்6ஏ2 என்னும் மரபணு அங்கேதான் உள்ளது. ஆனால் அந்த ஆய்வே, மரபின் பங்கு இதில் சிறியது என்றும் சொல்கிறது. அதே ஆண்டில் வெளியான மற்றொரு கணக்கெடுப்பில், தழையை வெறுப்பவர்களின் பங்கு மக்கள்குழுவுக்கு ஏற்ப 3 முதல் 21 விழுக்காடு வரை வேறுபட்டது. தழை அன்றாட உணவில் இடம்பெறும் குழுக்களில் அது குறைவாக இருந்தது என்பதால், பழக்கத்துக்கும் கணிசமான பங்கு உண்டு என்று கொள்ளலாம். மணம் பிடிக்காதவர்கள் தழையை நன்றாக அரைத்துச் சிறிது நேரம் வைத்துப் பார்க்கலாம். திசுக்கள் சிதையும்போது வெளிப்படும் நொதிகள் ஆல்டிஹைடுகளை வேறு சேர்மங்களாக மாற்றுவதால், வீச்சம் தணிகிறது.

மற்றவர்களுக்கு இதே வேதியியல் வேறொரு பாடத்தைத் தருகிறது. ஆல்டிஹைடுகள் எளிதில் ஆவியாகிப் போகக்கூடியவை, சூட்டில் நிலைக்காதவை. எனவே தழையை அடுப்பை அணைத்த பிறகு சேர்ப்பதே முறை. கொதிக்கும்போது போட்டால் மணம் முழுவதும் சமையலறைக் காற்றுக்குப் போய்ச் சேரும். உலர்த்திய தழைப்பொடியில் பச்சைத் தழையின் மணம் ஏறக்குறைய எதுவும் மிஞ்சுவதில்லை. அதை வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து. விதையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. வறுக்கும்போது அதில் புதிய மணச் சேர்மங்கள் உருவாகின்றன. முழு விதையாக இருக்கும்வரை எண்ணெய் உள்ளேயே காக்கப்படுகிறது, பொடித்தபின் வேகமாக வெளியேறுகிறது. ஆகவே விதையை முழுதாக வாங்கி, தேவைக்கேற்ப வறுத்துப் பொடித்துக்கொள்வது மேல்.

இனிச் சத்துகளுக்கு வருவோம். நூறு கிராம் பச்சைத் தழையில் ஏறத்தாழ 92 கிராம் நீர். எஞ்சிய எட்டு கிராமில் புரதம் சுமார் 2 கிராம், நார்ச்சத்து 2.8 கிராம், கொழுப்பு அரை கிராம். மொத்த ஆற்றல் 23 கிலோகலோரி மட்டுமே. வைட்டமின் கே 310 மைக்ரோகிராம், பீட்டா கரோட்டின் ஏறக்குறைய 3,900 மைக்ரோகிராம், வைட்டமின் சி 27 மில்லிகிராம், ஃபோலேட் 62 மைக்ரோகிராம், பொட்டாசியம் 521 மில்லிகிராம், கால்சியம் 67 மில்லிகிராம், இரும்பு 1.8 மில்லிகிராம் எனக் கணக்கிடப்பட்டிருக்கிறது. மண், செடியின் பருவம், பறித்தபின் கழிந்த நேரம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண்கள் மாறக்கூடியவை என்பதால், இவற்றை ஒரு தோராயமாகவே கொள்ள வேண்டும்.

பத்து கிராம் தழைக்கு இதைச் சுருக்கிப் பார்த்தால் படம் தெளிவாகிறது. வைட்டமின் கே 31 மைக்ரோகிராம் கிடைக்கும். வயது வந்தவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு பெண்களுக்கு 90, ஆண்களுக்கு 120 மைக்ரோகிராம் என்பதால், ஒரு கைப்பிடிக்கும் குறைந்த தழை அதில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தந்துவிடுகிறது. இரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களைக் கல்லீரல் உருவாக்குவதற்கும், எலும்பில் கால்சியத்தைப் பிணைக்கும் புரதம் செயல்படுவதற்கும் இந்த வைட்டமின் இன்றியமையாதது. தூவும் அளவிலேயே கண்கூடான பயன் தரும் சத்து என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால், அது இதுதான்.

பிற சத்துகளின் கணக்கு இவ்வளவு தாராளமாக இல்லை. அதே பத்து கிராமில் உள்ள பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும்போது சுமார் 34 மைக்ரோகிராமுக்கு ஈடாகிறது. நாள் தேவையான 700 முதல் 900 மைக்ரோகிராமில் இது நான்கைந்து விழுக்காடு. வைட்டமின் சி மூன்று மில்லிகிராமுக்கும் குறைவு. இரும்பு 0.2 மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. இரத்தசோகைக்கு மல்லித்தழை மருந்து என்று சொல்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்திருக்க மாட்டார்கள். தாவரங்களில் உள்ள இரும்பு உடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதும் இல்லை. தழையில் உள்ள வைட்டமின் சி, கூடவே உண்ணும் பருப்பு, தானியங்களின் இரும்பை உடல் ஏற்றுக்கொள்ளச் சிறிதளவு துணைசெய்யும் என்பது மட்டும் உண்மை.

ஆனால் தழையைத் தூவும் பொருளாகக் கருதாமல் கீரையாகவே கருதி, அரைத்தோ, காய்கறிக் கலவையில் நிறையச் சேர்த்தோ ஒருவர் ஐம்பது கிராம் உண்டால் கணக்கு மாறிவிடுகிறது. வைட்டமின் கே ஒரு நாள் தேவையைத் தாண்டிவிடும். வைட்டமின் ஏ தேவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகிலும், வைட்டமின் சி தேவையில் ஆறில் ஒரு பங்குக்கு அருகிலும் கிடைக்கும். ஃபோலேட்டும் பொட்டாசியமும் பொருட்படுத்தத்தக்க அளவில் சேரும். இவ்வளவுக்கும் உடலில் ஏறுவது பன்னிரண்டு கிலோகலோரிதான். பீட்டா கரோட்டினும் வைட்டமின் கே-யும் கொழுப்பில் கரைபவை என்பதால், அதே உணவில் சிறிதளவு எண்ணெயோ, கொட்டைப் பருப்போ, தயிரோ இருந்தால் அவை நன்றாக உறிஞ்சப்படும். வைட்டமின் சி சூட்டில் குறைவதால், சமைக்காமல் உண்பது அதற்கு நல்லது. மணத்தைக் காக்கவும் அதுவே வழி என்பதால் நாவும் சத்தும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன.

அளவிட எளிதல்லாத இன்னொரு நன்மையும் உண்டு. மணம் மிகுந்த தழை ஓர் உணவில் நிறைய இருந்தால், அதே சுவையுணர்வுக்கு உப்பு சற்றுக் குறைவாகவே போதும். உப்பைக் குறைக்க வேண்டியவர்களுக்கு எந்தத் தனிச்சத்தையும்விட இது அதிகம் பயன்படக்கூடும்.

விதையின் பட்டியலைப் பார்ப்பவர்கள் முதலில் திகைப்பார்கள்: நூறு கிராமில் கால்சியம் 709 மில்லிகிராம், இரும்பு 16 மில்லிகிராம், மக்னீசியம் 330 மில்லிகிராம், நார்ச்சத்து ஏறத்தாழ 42 கிராம். இந்த உயர்ந்த எண்களுக்கு ஒரு காரணம், விதையில் நீர் ஒன்பது விழுக்காடு மட்டுமே இருப்பது. நீர் வற்றிய எந்தப் பொருளிலும் சத்து செறிந்தே காணப்படும். ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஐந்து கிராம் விதைக்குக் கணக்கிட்டால், கால்சியம் 35 மில்லிகிராம், இரும்பு 0.8 மில்லிகிராம், நார்ச்சத்து இரண்டு கிராம் எனச் சுருங்குகிறது. ஆயினும் நாள்தோறும் பொடியாகச் சேர்ப்பவர்களுக்கு இந்த நார்ச்சத்தும் இரும்பும் ஒதுக்கத்தக்கவை அல்ல. விதைக் கொழுப்பின் பெரும்பகுதி பெட்ரோசெலினிக் அமிலம். இது அபியேசியே குடும்பத்துக்கே ஏறக்குறைய உரிய ஒரு கொழுப்பமிலம். மறுபுறம், தழையில் ஏராளமாக உள்ள பீட்டா கரோட்டின் விதையில் பெயரளவுக்கும் இல்லை.

மருத்துவக் குணங்கள் என்று பரவலாகச் சொல்லப்படுபவற்றை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். விதைச் சாறு இரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்ததாகக் கூறும் ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளிடம் செய்யப்பட்டவை. அவற்றுக்குத் தரப்பட்ட செறிந்த சாறும் நாம் உண்ணும் ஒரு கரண்டிப் பொடியும் ஒன்றாகிவிடாது. தழையில் உள்ள டோடெசினால், நரம்பணுக்களின் சில பொட்டாசியம் வாயில்களைத் திறக்கச் செய்கிறது என்று 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. வலிப்பு நோய்க்கான ஆராய்ச்சியில் இது ஆர்வத்துக்குரிய செய்தி. ஆனால் வலிப்பு உள்ளவர் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தழையை நம்பலாம் என்பதற்கு அதில் எந்த இடமும் இல்லை. உடலில் சேர்ந்த ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களைக் கொத்தமல்லி வெளியேற்றிவிடும் என்பதற்கும் மனிதரிடம் நம்பத்தகுந்த சான்று கிடையாது. ஈயத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைக்குத் தழைச்சாறு கொடுத்துக் காலம் கடத்துவது தீங்கிலேயே முடியும்.

பெரும்பாலோருக்கு இது அச்சமின்றி உண்ணத் தக்க உணவு என்றாலும், மூன்று விலக்குகளைக் கூற வேண்டும். இரத்த உறைவைத் தடுக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள், வைட்டமின் கே நிறைந்த தழையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு உண்டுவந்தால் மருத்துவர் மருந்தின் அளவை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார். செலரி, கேரட், சோம்பு ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொத்தமல்லியும் ஒவ்வாமல் போகலாம்; வாயில் அரிப்போ உதட்டில் வீக்கமோ தோன்றினால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண வேண்டும். மூன்றாவது, தூய்மை. பச்சையாக உண்ணப்படும் தழையில் ஒட்டியிருக்கும் கிருமிகளைக் கொல்ல அடுப்பின் சூடு கிடைப்பதில்லை. சைக்ளோஸ்போரா என்னும் ஒட்டுண்ணியால் ஏற்பட்ட வயிற்றுப்போக்குகளைத் தொடர்ந்து, 2015ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மெக்சிகோவின் புவெப்லா மாநிலத்துப் பச்சைக் கொத்தமல்லி இறக்குமதிக்குப் பருவக் கட்டுப்பாடு விதித்தது. ஓடும் நீரில், தண்டுகளைப் பிரித்து, மண் போகும்வரை அலசுவது கிருமிகளைக் குறைக்கும்; முற்றிலும் நீக்கிவிடும் என்று எண்ணக் கூடாது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் தழையைச் சமைத்தே உண்பது பாதுகாப்பானது, மணம் போனாலும் பரவாயில்லை.

வாங்கும்போது இலைகள் விறைப்பாகவும், மஞ்சள் படராமலும், தண்டின் அடி வழுவழுப்பின்றியும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வேரோடு இருக்கும் கட்டு கூடுதல் நாள் தாங்கும். கழுவியபின் ஈரத்தோடு மூடி வைத்தால் இலைகள் விரைவில் அழுகும் என்பதால், உடனே பயன்படுத்தாத தழையைக் கழுவாமல் வைப்பது நல்லது. தண்டின் அடி மட்டும் நீரில் மூழ்குமாறு ஒரு குவளையில் நிறுத்தி, மேலே தளர்வாக உறையிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரத்துக்கும் மேல் பசுமை குன்றாது. நறுக்குவதைப் பரிமாறுவதற்குச் சற்று முன் வைத்துக்கொள்ள வேண்டும். கூர்மையான கத்தி இலையை நசுக்காது வெட்டுவதால் மணமும் நிறமும் தங்கும். இலைகளை மட்டும் கிள்ளிக்கொண்டு தண்டுகளை எறிந்துவிடுவோர் பலர். மென்மையான தண்டுகளில் மணம் இலைக்குச் சற்றும் குறைவதில்லை என்பதால், அவற்றைப் பொடியாக நறுக்கி இலையோடு சேர்க்கலாம். வேரின் மணமோ இன்னும் அழுத்தமானது, சூட்டையும் ஓரளவு தாங்கும். மண் போகத் தேய்த்துக் கழுவி நசுக்கி, சமையலின் தொடக்கத்திலேயே போடத்தக்க பகுதி, விதையை விட்டால், இச்செடியில் அது ஒன்றுதான். தழை கடைசியில் சேரட்டும்.